ஐந்து ரூபாய்க் கையெழுத்து

காந்தியடிகள் தம் கையெழுத்தை விலைக்கு விற்றவர். கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் நடந்தது அதுதான். தீண்டாமை ஒழிப்புக்காக 1933 நவம்பரில் தொடங்கி 1934 வரை அவர் நாடெங்கும் சுற்றினார். போன ஊரிலெல்லாம் ஆட்டோகிராப் ஏட்டை நீட்டிக்கொண்டு கூட்டம் வரும். அவர் வைத்திருந்த விலை ஐந்து ரூபாய். பணம் ஹரிஜன நிதிக்கு. மேடையில் தமக்கு அளித்த பரிசுப் பொருள்களையும் அங்கேயே ஏலம் விட்டுவிடுவார். கூட்டம் முடிந்து கிளம்பும்போது அவர் கையில் எதுவும் இருக்காது. நிதியில் கொஞ்சம் கூடியிருக்கும்.

அப்படியொரு கூட்டம் 1934 ஜனவரியில் மலபாரின் வடகராவில் நடந்தது. நகைகளைக் கொடுங்கள் என்று பெண்களிடம் கேட்டுப் பேசி முடித்துவிட்டு, பரிசுப் பொருள்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார் காந்தி. கௌமுதி என்ற 16 வயதுப் பெண் மெல்ல மேடைக்கு வந்தாள். ஒரு வளையலைக் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டாள். அவர் எழுதத் தொடங்குமுன் அடுத்த கை வளையலும் வந்தது. ஒரு கைக்கு ஒன்றுதான் போட்டிருந்தாள். கையெழுத்துக்கு ஒரு வளையலே போதுமே என்றார் காந்தி. பதிலாகக் கழுத்துச் சங்கிலி வந்தது. பிறகு காதில் இருந்தவையும் வந்தன. வீட்டில் சம்மதம் உண்டா என்று விசாரித்துத் தெளிந்த பிறகே வாங்கிக்கொண்டார். கையெழுத்தோடு ஒரு வரியும் எழுதிக் கொடுத்தார்: கழற்றிய நகையைவிட அந்தத் துறவே மெய்யான அணி என்ற பொருளில். கௌமுதி அதன்பின் தங்கம் அணியவில்லை. ஹிந்தி ஆசிரியையாகப் பணியாற்றி வாழ்ந்தார். நடந்ததை ஹரிஜன் இதழில் காந்தியே ஒரு கட்டுரையாக எழுதினார்.

அந்த மேடையில் நடந்ததும் ஒரு வியாபாரம்தான். ஒரு பக்கம் பொருள் போயிற்று, மறுபக்கம் கையெழுத்து வந்தது. ஆனால் அந்த வியாபாரத்தில் வாங்கியவள் தன்னிடம் இருந்ததைக் குறைத்துக்கொண்டாள். விற்றவரோ தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் கைமாறிய அந்த மை எழுத்துக்கு இருந்த கனம், இருவரும் விட்டுக்கொடுத்ததிலிருந்து வந்தது. பெரியவர்களின் கையெழுத்தைத் தேடிச் சேர்ப்பவர்களும் விற்பவர்களும் வாங்குபவர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இந்த வடகரா மேடை ஓர் அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

தம் எழுத்து அழகைப் பற்றி காந்திக்குப் பெருமை ஏதும் கிடையாது. நல்ல கையெழுத்து கல்வியில் சேர்த்தி இல்லை என்று சிறு வயதில் நினைத்துவிட்டதாகவும், தென்னாப்பிரிக்காவில் மற்ற வழக்கறிஞர்களின் எழுத்தைப் பார்த்தபோது வெட்கப்பட்டதாகவும் சுயசரிதையில் சொல்கிறார். வலக்கை சோர்ந்தால் இடக்கையால் எழுதுவார். 1909 நவம்பரில் கில்டோனன் கேசில் என்ற கப்பலில் அமர்ந்து ‘இந்து சுயராஜ்யம்’ நூலை எழுதியபோது, 275 பக்கக் கையெழுத்துப் படியில் சுமார் 40 பக்கம் இடக்கையின் வேலை. தாள், கப்பல் கம்பெனி தந்த தாள். குஜராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் கையெழுத்திட்ட அவர், தமிழிலும் ‘மோ.க.காந்தி’ என்று போட்டிருக்கிறார். அஞ்சலட்டையே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. வந்த கடிதத்தின் வெற்றுப் பக்கத்தையும், பிரித்த உறையின் உட்புறத்தையும் வீணாக்க மாட்டார்.

அப்படிப்பட்ட பழைய உறைகள் சில வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. 1947 ஜூன் 2, திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தை வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் தலைவர்கள் முன் வைத்த நாள். திங்கள் காந்திக்கு மௌன நாள். வைஸ்ராய் மாளிகைக்குப் போனார், உட்கார்ந்தார், பேசவில்லை. பழைய உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். இன்று பேச முடியாததற்கு வருந்துகிறேன், நீங்களும் நான் மௌனத்தைக் கலைப்பதை விரும்பமாட்டீர்கள் என்று தெரியும் என்பது அதன் சாரம். ஒரு நாடு இரண்டாகிற நாளிலும் நேர்ந்துகொண்ட விரதத்தை அவர் தளர்த்தவில்லை. அவர் போன பிறகு அந்தத் துண்டுத் தாள்களை மவுண்ட்பேட்டன் எடுத்துப் பத்திரப்படுத்தினார். எழுதியவருக்குக் குப்பை, எடுத்தவருக்கு ஆவணம். சேகரிப்பவரின் கண் என்பது இதுதான். அதைக் குறை சொல்ல இடமில்லை. அந்தக் கண் இல்லாவிட்டால் உலகத்தின் பாதி நினைவு அடுப்புக்குப் போயிருக்கும்.

கையெழுத்தே போடாத ஒருவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாய் அவன் கையில் இருந்தது. ரயில் செலவுக்கு மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். தன்னைத் தேட வேண்டாம், அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம், இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று நாலைந்து வரி. கடைசியில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆன பிறகும் அவர் கையெழுத்திடும் வழக்கத்துக்குத் திரும்பவில்லை. கேட்டு வந்த அன்பர்களிடம், எந்தப் பெயரைப் போடுவது என்பார். ஆயினும் அந்தச் சீட்டை இன்றும் படமாக அச்சிட்டுப் பார்த்துக் கும்பிடுகிறோம். பெயரில்லாத அந்தக் கோட்டை யாருடையது என்று கேட்பவர் எவருமில்லை.

ஒருவர் கேட்டவருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். ஒருவர் போடவே இல்லை. இரண்டு பாதையும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன. பெயரின் மேல் பிடிப்பு இல்லாதவன் அதை வாரி வழங்கலாம், அல்லது எழுதாமலே விடலாம். பிடிப்பு உள்ளவனுக்குத்தான் இரண்டும் கஷ்டம். பத்திரத்தின் அடியில் நம் பெயரை எழுதும் ஒவ்வொரு தடவையும் ‘இது நான், இது என்னுடையது’ என்று ஒரு சின்னக் குரல் உள்ளே எழுகிறது. மகான்களின் கையெழுத்தைப் பார்க்கும்போது மனம் அமைதி அடைவதற்குக் காரணம், அந்தக் குரல் அங்கே ஒலிக்காததுதான்.

தலைவர்களின் கையெழுத்தைச் சேர்க்கும் பழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டில் பெரும் மோகமாகப் பரவியது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடிதத்தின் அடியில் உள்ள பெயரை மட்டும் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். ஏட்டில் பசை தடவி ஒட்டுவார்கள். மிச்சத் தாள் எங்கே போகும் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஒருவர் மனம் திறந்து எழுதிய நலமும் துயரும் யோசனையும் குப்பைக்குப் போக, பெயர் மட்டும் ஏட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய ஆட்டோகிராப் ஏடுகளில் இத்தகைய வெட்டுத் துண்டுகளை இன்றும் காணலாம். நாலு மூலையிலும் பசை பழுத்து மஞ்சளாகியிருக்கும். பின்புறம் திருப்பினால், அடுத்த பக்கத்து வாக்கியம் ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

அந்தப் பாதி வாக்கியத்தைப் பார்க்கும்போது நம் பக்தியும் பல சமயம் இப்படித்தானே என்று தோன்றும். பெயரை எடுத்துக்கொண்டு, சொன்னதை விட்டுவிடுகிறோம். தெருவுக்குப் பெயர் வைக்கிறோம். ரூபாய் நோட்டில் முகத்தை அச்சிடுகிறோம். அந்த முகத்துக்குரியவர் வாழ்நாள் முழுதும் கெஞ்சிக் கேட்ட இரண்டொரு காரியம் பின்பக்கத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சந்தைக்கே பிற்பாடு இந்த ஞானம் வந்துவிட்டது. இன்றைய ஏலக்கூடங்களில் வெட்டி எடுத்த கையெழுத்துக்கு விலை கம்மி. தட்டச்சுக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் அவருடையது என்றால் சற்று மேல். முழுக் கடிதமும் சொந்தக் கையால் எழுதியது என்றால் இன்னும் மேல். அதிலும் முக்கியமான ஒருவருக்கு, முக்கியமான ஒரு வேளையில், மனம்விட்டு எழுதியது என்றால் விலை எங்கேயோ போய்விடும். 1937 நவம்பரில் ஜப்பானியப் படையெடுப்பில் சீனா தத்தளித்துக்கொண்டிருந்தபோது, மாவோ சேதுங் பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் அட்லிக்கு உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதினார். படைத்தளபதி சூ தேயும் சேர்ந்து கையெழுத்திட்டார். 2015 டிசம்பரில் அது லண்டன் சதபி ஏலத்தில் 6,05,000 பவுண்டுக்குப் போயிற்று. மாவோ பிற்காலத்தில் கோடிக்கணக்கான மக்களை ஆண்டவர். ஆனால் இந்தக் கடிதத்தில் அவர் உதவிக்குக் கை நீட்டுகிறார். இயலாமையில் எழுதிய எழுத்து என்பதும் அந்த விலையின் ஒரு பகுதி.

காந்தியின் தாள்களும் பொருள்களும் அதே கூடங்களுக்கு வந்தன. கொலையுண்பதற்கு 19 நாள் முன்பு ஹரிஜன் இதழுக்காக அவர் எழுதிய கையெழுத்துப் படி 2007-இல் லண்டன் கிறிஸ்டி ஏலத்துக்கு வந்தது. இந்திய அரசு தலையிட்டு ஏலத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டது. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, பைக்கடிகாரம், உண்ட தட்டு, கிண்ணம் எல்லாம் ஒரே தொகுப்பாக ஏலம் போயின. வாங்கியவர் மது ஆலை அதிபர் விஜய் மல்லையா. விலை 18 லட்சம் டாலர். மூன்று ஆண்டு கழித்து, காந்தி சுட்டு வீழ்த்தப்பட்ட இடத்தில் எடுத்தது என்று சொல்லப்பட்ட ஒரு பிடி மண்ணும் புல்லும் இங்கிலாந்தில் 10,000 பவுண்டுக்கு விலைபோயின.

வைத்துக்கொள்வதே கூடாது என்று வாழ்ந்த மனிதரின் மிச்சங்களை வைத்துக்கொள்ளத்தான் இத்தனை போட்டி. இதைக் கண்டு பலர் கொதித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஏலச் சுத்தியலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே என் எண்ணம். அது ஒரு தாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும். அந்தத் தாளில் எழுதியவன் மனத்தை யார் மனத்துக்கும் மாற்றாது. அதை மாற்ற வல்லது வாசிப்பு ஒன்றுதான்; அதற்கு விலை போட யாராலும் முடியாது.

அபரிக்கிரகம், அதாவது எதையும் உடைமையாகக் கொள்ளாமை என்பதை காந்தி கீதையில் கற்றார். மனைவி மக்கள் உண்டு, பொறுப்புகள் உண்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுவதா என்று அவருக்கே குழப்பம். விடை கிடைத்தது அவர் படித்த சட்டப் புத்தகத்தில். தர்மகர்த்தா எத்தனை கோடிச் சொத்தை நிர்வகித்தாலும் அதில் ஒரு காசும் தன்னுடையது என்று எண்ணுவதில்லை. அப்படி வாழ்ந்தால் போதும் என்று தெளிந்தார். 1937 ஜனவரியில் கொல்லத்தில் பேசும்போது, நூல்களெல்லாம் அழிந்து ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் சுலோகம் மட்டும் மிஞ்சினாலும் இந்து தர்மம் பிழைத்துக்கொள்ளும் என்றார். எல்லாம் ஈசனுடையது, விட்டுவிட்டு அனுபவி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்பதுதானே அதன் கருத்து. அம்மனின் நகைப்பெட்டிச் சாவி இடுப்பில் தொங்கினாலும் தர்மகர்த்தா வீட்டுப் பெண்கள் அந்த நகையைப் போட்டுக்கொள்வதில்லை. மகான்களின் தாளைச் சேர்த்து வைத்திருப்பவர் இருக்கவேண்டிய நிலையும் அதுவே.

அப்படியானால் பொருளின் மேல் அன்பு வைப்பதே தவறா? காந்தியின் அன்பர் காகா காலேல்கர் சொன்ன ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தரும். 1915-இல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு. காந்தி மேசையைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால், பென்சில் என்றார். காலேல்கர் தம் பென்சிலை நீட்டினார். இது வேண்டாம், என்னுடைய அந்தக் குட்டிப் பென்சில்தான் வேண்டும் என்றார் காந்தி. அது சென்னையில் பதிப்பாளர் ஜி.ஏ.நடேசனின் சின்ன மகன் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது. அதைத் தொலைக்க மனம் வரவில்லை. இருவருமாகத் தேடி எடுத்தார்கள். இரண்டு அங்குலம்கூட இருக்காது.

சொத்து, காப்பீடு, பரிசு எல்லாவற்றையும் உதறியவர் ஒரு பென்சில் துண்டுக்காகத் தவிக்கிறார். முரண்பாடு போலத் தெரியும். ஆனால் அவர் தேடியது ஒரு குழந்தை நம்பிக் கொடுத்ததை. கொடுத்தவர் நினைவுக்காக ஒன்றைக் காப்பது அன்பு. என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை என்பதற்காகக் காப்பது பற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; இரண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டும். வேறுபாடு தெரிவது, ஒருவர் வந்து அதைக் காட்டச் சொல்லிக் கேட்கும்போது. உடனே பெட்டியைத் திறப்பவனிடம் இருப்பது அன்பு.

ஆசை மிகுந்த இடத்தில் போலியும் மிகும். தலைவர்களின் கையெழுத்துச் சந்தையில் போலிக்குப் பஞ்சமில்லை. கைதேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது எழுத்தை அல்ல, தாளை. புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். 1950-ஐ ஒட்டித்தான் தாளில் வெண்மையூட்டும் ரசாயனங்களைக் கலக்கத் தொடங்கினார்கள். ஆகவே 1930-களின் கடிதம் என்று சொல்லப்படும் தாள் அந்த வெளிச்சத்தில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சங்கதி வெட்டவெளிச்சம். பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்ததே 1940-களில்தான். அதற்கு முந்தைய தேதியில் அந்த மை இருக்க முடியாது. பிறகு மடிப்பு, அஞ்சல் முத்திரை, எழுதும்போது பேனா எங்கே அழுந்தியது, எங்கே எழும்பியது என்பதெல்லாம் வரும். போலி செய்பவன் கோட்டை மெல்ல மெல்ல வரைகிறான். அதனால் கோட்டில் நடுக்கம் தெரிகிறது. உரியவன் யோசிக்காமல் எழுதிவிட்டுப் போகிறான்.

உரியது ஓடும், போலி நடுங்கும். கையெழுத்துக்கு மட்டுமா இது? நல்லவனாக இருப்பவன் அதைப் பற்றி யோசிப்பதில்லை. நல்லவன் மாதிரி இருக்க முயல்பவன் ஒவ்வொரு வளைவிலும் தயங்குகிறான்.

இன்னொரு காட்சி. ஜோகன்னஸ்பர்க்கில் கட்டடக்கலைஞராக இருந்த ஹெர்மன் காலன்பாக் காந்தியின் நெருங்கிய நண்பர். 1910-இல் தம் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்குக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தமிழர் பலர் வாழ்ந்த இடம். நண்பர்கள் இருவரும் ஏராளமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். காலன்பாக் தமக்கு எழுதியவற்றை, அவர் விருப்பத்துக்கு இணங்கி, காந்தி அழித்துவிட்டார். காந்தி எழுதியவற்றைக் காலன்பாக் பாதுகாத்தார். அவர் குடும்பத்தார் தலைமுறை தாண்டிக் காத்தார்கள். 2012-இல் அந்தத் தொகுப்பு சதபி ஏலத்துக்கு வந்தபோது, சுமார் 7 லட்சம் பவுண்டு கொடுத்து இந்திய அரசு ஏலத்துக்கு முன்பே வாங்கியது. இப்போது அது புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒருவர் அழித்ததும் நட்பினால், ஒருவர் காத்ததும் நட்பினால். தாளை என்ன செய்வது என்பதற்கு ஒரே விதி கிடையாது. எழுதியவர் மனத்துக்கு உண்மையாக இருப்பதுதான் விதி.

இந்தத் தாள்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்த பெரும்பணியில் தமிழர் கை உண்டு. காந்தியின் எழுத்து முழுவதும் அடங்கிய ஆங்கிலத் தொகுப்பு 100 தொகுதி. முதல் ஆசிரியர் பாரதன் குமரப்பா. 1960 முதல் 25 ஆண்டு தலைமை ஆசிரியராக இருந்தவர் பேராசிரியர் கே.சுவாமிநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ரமண மகரிஷியின் அன்பர். ரமணரின் அடியாரான கவிஞர் முருகனாரின் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர். கையெழுத்தே இடாத குருவை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆயிரமாயிரம் கையெழுத்துகளைத் தேதிவாரியாக அடுக்கிய வாழ்வு அவருடையது. ‘நான் செய்தேன்’ என்று எங்கும் முன்னுக்கு வராதவர். அந்தத் தொகுதிகளைப் புரட்டும் பல பேருக்கு இன்றும் அவர் பெயர் தெரியாது. குருவிடம் கற்ற பாடம் அப்படிப் பலித்திருக்கிறது.

அந்தத் தொகுதிகளில் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மூலம் எங்கே உள்ளது, எதிலிருந்து படி எடுத்தது, யார் தந்து உதவினார் என்ற குறிப்பு. வாசிப்பவர் கண் அதன்மேல் விழுவது அரிது. நான் அதைத்தான் விரும்பிப் படிப்பேன். மகளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை என்று எழுதிக் கேட்டவரும், உடம்பு சரியில்லை என்று யோசனை கேட்டவரும், கோபித்துக்கொண்டு ஆசிரமத்தை விட்டுப் போனவரும் தங்களுக்கு வந்த பதிலைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவற்றில் அந்தரங்கம் இருந்தது. சிலவற்றில் திட்டும் இருந்தது. ஆனாலும் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்கள். தொகுப்பாளர்கள் படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். மூலத் தாள் அவரவர் வீட்டிலேயே இருக்க, சொல் மட்டும் உலகத்துக்குப் போய்விட்டது. விட்டுவிட்டு அனுபவிப்பது என்பதற்கு இதைவிடச் சுலபமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 முதல் அச்சான தாள் எது கிடைத்தாலும் சேர்த்தார். நூல், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என எதையும் விடவில்லை. 1992-இல் அவர் காலமானபின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைகொடுத்து வாங்கியது. ஆனாலும் தமிழ்நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகாமல், 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைநாட்டியது. பணமும் கைமாறியது, பொதுநன்மையும் கெடவில்லை. வாங்குவது, விற்பது என்ற சொற்களே பாவமானவை என்று எண்ண வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சட்டமும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய அறத்தின் பக்கம்தான் நிற்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 வயதைத் தாண்டினால் தொல்பொருள். தனி ஆள் தன் இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. காந்தி எழுதிய கடைசித் தாளுக்கும் 2023 ஜனவரியோடு 75 நிறைந்துவிட்டது. உடைமைக்காரர் நீங்களாக இருக்கலாம். பொறுப்பு நாட்டுக்கும் உண்டு என்கிறது சட்டம்.

இதைப் படிப்பவர் சிலர் வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கலாம். அதில் ராஜாஜியோ காமராஜரோ ஒரு விண்ணப்பத்துக்கு எழுதிய பதில் இருக்கலாம். யாருடைய பெயர் என்றே தெரியாத ஒரு தியாகி சிறையிலிருந்து எழுதிய அஞ்சலட்டையும் இருக்கலாம். அதை லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பிளாஸ்டிக்கும் தாளைக் கொன்றுவிடும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். குண்டூசி, கிளிப் இருந்தால் துரு ஏறுமுன் எடுத்துவிடுங்கள். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் மடிக்காமல் விரித்து வையுங்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள்: யார் யாருக்கு எழுதியது, எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தத் தாள் பாதி ஊமையாகிவிடும்.

பிறகு தெளிவாக ஒரு படம் எடுத்து, நம்பிக்கையான ஒரு நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ படியைக் கொடுங்கள். மூலத்தை வைத்துக்கொள்வதா, விற்பதா, அளித்துவிடுவதா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. கஷ்டத்துக்கு விற்றால் அதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கடிதத்தை வீட்டில் உள்ள பிள்ளைகளை உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எழுதியவர் சொன்னதில் ஒன்றையாவது செய்ய முடியுமா என்று பாருங்கள்.